பூஜ்யம் சதவீதம்

கண்ணாடிப் பெட்டியை அந்த ஆள் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

ஈரானில், கெர்மான்ஷா நகரத்தின் இந்தப் போர் மருத்துவ அருங்காட்சியகத்தில் பதினோரு வருஷமாக வழிகாட்டியாக இருக்கிறேன். ரத்தக் கறை படிந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. பெட்டியை உடைக்க வந்தவர் இவர்தான் முதல்.

"கையை எடுங்க ஐயா. உள்ள இருக்கிறது சும்மா நோட்டு இல்ல."

"தெரியும் மகளே. அதோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க, போயிடறேன்."

ஈராக்கோடு நடந்த போரில், எல்லைக்குப் பக்கத்தில் இருந்த கள மருத்துவமனையின் பதிவேடு அது. விஷவாயு குண்டு விழுந்த நாளில் தூக்கி வரப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் பார்த்த பக்கம் என்பதால் அதற்குப் பிறகு யாரும் திருப்பவில்லை.

அதைக் காட்டித் தினமும் ஒரு வசனம் ஒப்பிப்பேன். 'கண் எரிய எரிய, கடைசிவரை இந்தப் பெயர்களை எழுதியவர், பெயர் தெரியாத ஒரு மருத்துவ உதவியாளர். கடைசி வரியை நிபுணர்களாலும் படிக்க முடியவில்லை' என்று முடியும். கேட்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

வந்தவர் பெயர் கெராமத். நாலு வார்த்தை பேசினால் ஒரு இருமல். போரில் அடிபட்டவரிடம் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, எத்தனை சதவீத ஊனம் என்பதைத்தான். நானும் கேட்டேன்.

"பூஜ்யம்," என்றார்.

அன்றைய வாயுவைச் சுவாசித்தவராம். சதவீதம் கிடைத்தால்தான் மருந்தும், வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரமும் கிடைக்கும். சதவீதம் கிடைக்க, அன்றே அங்கே சிகிச்சை பெற்றதாக எழுத்துச் சான்று வேண்டும். சதவீதம் முடிவு செய்யும் மருத்துவக் குழு நாலு முறை வெறுங்கையோடு அனுப்பிவிட்டது. நுரையீரல் படத்தைக் காட்டினால் சிகரெட் பழக்கம் என்கிறார்களாம். மிச்சமிருக்கும் ஒரே காகிதம் இந்தப் பெட்டிக்குள்தான்.

சத்தம் கேட்டு இயக்குநர் நிக்ஃபர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். டாக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். பட்டம் வாங்கியது சரித்திரத்தில்.

மார்பில் கை வைத்துக் குனிந்து, "வாங்க வாங்க, உங்க பாதம் எங்க கண்ணு மேல," என்று எங்கள் ஊர் வழக்கப்படி உபசாரம் சொன்னார். பிறகு, வெளிச்சம் பட்டால் காகிதம் கெட்டுவிடும், தெஹ்ரானுக்கு மனுப் போடுங்கள், மூன்று மாதத்தில் பதில் வரும் என்றார்.

"மூணு மாசம் எனக்கு இருக்கான்னு தெரியலையே டாக்டர்."

நிக்ஃபரின் மரியாதை அதோடு தீர்ந்தது. "சதவீதம் கேக்கற எல்லாரும் அன்னைக்கு அங்கதான் இருந்தாங்களாம். அத்தனை பேரும் இருந்திருந்தா நாம போரை ஒரே வாரத்துல ஜெயிச்சிருப்போம்."

கெராமத்தின் முகம் கறுத்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாராம். இருமல் கூடம் முழுக்கக் கேட்டது. பதினோரு மணிக்குக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். நிக்ஃபர் பல்லைக் கடித்துக்கொண்டு கையுறை மாட்டி, பெட்டியைத் திறந்தார்.

முதல் பக்கத்திலிருந்து தேடப் போனவரை கெராமத் தடுத்தார். "முன்னாடி இருக்காது. இருந்தா கடைசியிலதான்."

கடைசிப் பக்கத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார் நிக்ஃபர். "கெராமத்துன்னு ஒருத்தரும் இல்ல. திருப்திதானே? செத்தவங்க பேரைச் சொல்லிப் பிழைக்காம வீட்டுக்குப் போங்க."

நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

கெராமத் எழுந்து குனிந்து பார்த்தார். வரிகள் கோணலாகச் சரிந்துகொண்டே போய், கடைசி வரி வெறும் கிறுக்கலாக முடிந்திருந்தது. நிபுணர்கள் கைவிட்ட அந்த வரியை அவர் ஒரு இடத்திலும் தடுமாறாமல் படித்தார்.

"யதுல்லா. பத்தொன்பது வயசு. ரெண்டு கண்ணும் தெரியல. தண்ணி கேக்கறான்."

"இது எப்படி உங்களுக்குப் புரியுது?" என்றார் நிக்ஃபர்.

"என் கையெழுத்து எனக்குப் புரியாதா? இதுக்கப்புறம் எனக்கும் கண்ணு தெரியல. நான் விழுந்ததும் வேற யாராவது பேனாவை எடுத்து என் பேரை எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்." கீழே காலியாகக் கிடந்த இடத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "எழுத யாரும் மிஞ்சல போல."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று நிக்ஃபர் சலித்துக்கொண்டார்.

"வந்ததுலேர்ந்து சதவீதம்தானே கேட்டீங்க? அன்னைக்கு அங்க நான் என்ன வேலை பார்த்தேன்னு யாரும் கேக்கல."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நிக்ஃபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்டியைப் பூட்டினார். "ஆனா பேர் இல்லையே ஐயா. பேர் இல்லாம நான் என்னன்னு சான்று எழுதறது?" மறுபடியும் மார்பில் கை வைத்துக் குனிந்தார். "எப்ப வேணாலும் வாங்க. உங்க பாதம் எங்க கண்ணு மேல."

கெராமத் படியிறங்கிப் போனார்.

மாணவர்கள் வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஆரம்பி என்று நிக்ஃபர் கண்ணைக் காட்டினார். பெயர் தெரியாத மருத்துவ உதவியாளர் என்று தொடங்கப் போனேன், வாய் வரவில்லை.

"இதை எழுதினவர் பேர் கெராமத்," என்றேன். "இப்பதான் அவரை இங்கேர்ந்து துரத்தினோம். கீழ பஸ் நிறுத்தத்துல இருமிக்கிட்டு நிப்பார். ஓடுங்க, பிடிச்சிடலாம்."