விட்டுவைத்த இடம்

குவைத்தில் இருக்கும் சமீருக்காக, ஸ்டூடியோக்காரன் அன்சார் அவனுடைய குடும்பப் படத்தில் ஓர் இடம் விட்டிருந்தான். அங்கிருந்து சமீரின் படம் வந்ததும் ஒட்டித் தருவான். வலங்கைமானில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான்.

கேமராவிலிருந்து கணினியில் இறக்கிய ரா ஃபைல்களில் அந்தக் காலியிடத்தில் ஒரு சாம்பல் புள்ளி இருந்தது. கேமராவுக்குள் சென்சாரில் படிந்த தூசு என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் விழும். இதுவோ கேமராவை நகர்த்திய படங்களிலும் சமீரின் மகளுக்குப் பக்கத்திலேயே நின்றது. எரிச்சலோடு பன்னிரண்டு படங்களிலும் அதை அழித்துவிட்டு ஷார்ப்னஸைக் கூட்டினான். சிறுமியின் சட்டைத் தோளில் நான்கு விரல்கள் அழுந்திய மடிப்பு தெரிந்தது.

சமீரின் மனைவி மர்யம் போன் செய்தாள்.

"அண்ணே, அவங்க என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க. பாதிப் பேச்சுல சத்தம் நின்னுபோச்சு. உங்களுக்கு எதுவும் போன் வந்துச்சா?"

அன்சார் பதறிப்போய் அழித்ததையெல்லாம் அன்டூ செய்தான். புள்ளி திரும்பவில்லை. திரையில் அந்த மடிப்பு ஒவ்வொரு விரலாக நிமிர்ந்துகொண்டிருந்தது.