லீதியாளின் பிடி அரிசி

"இது யாரு பை?"

சுகிர்தம் டீச்சர் கேட்டதும் கோயில் வராந்தாவில் பேச்சு அடங்கியது. பாயில் கொட்டிய அரிசி கொட்டை கொட்டையாக, பழுப்பாக, ரேஷன் கடை வாடையோடு கிடந்தது.

"என்னுதுதான் அக்கா" என்றாள் லீதியாள். ஞானஸ்நான வீட்டார் கொடுத்த லட்டில் இரண்டாவதைத் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தச் சபையில் பெண்கள் தினமும் உலைக்கு அளக்கும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனியே போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பையில் வரும். விடுதிப் பிள்ளைகளுக்குப் போகும். வாங்கிக் கொட்டுவது பெண்கள் சங்கத் தலைவி சுகிர்தம் டீச்சர். இருபது வருஷமாக அரிசியைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர்.

"பூலாம்பாடி கடைவீதியில உரக்கடை வச்சிருக்கீங்க. வயல்ல பொன்னி விளையுது. கடவுளுக்கு மட்டும் ரெண்டு ரூபா அரிசியா?"

லீதியாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிரும் டீச்சர்" என்றாள் ஜெயசீலி. நாலு பேர் சிரித்தார்கள்.

"லட்டு வாங்க மட்டும் ரெண்டு கை நீளுது" என்றபடி டீச்சர் அரிசியைத் திரும்பப் பையில் அள்ளினார். "சாயங்காலம் உன் வூட்டுக்கே கொண்டாரேன். உன் புருஷனும் பார்க்கட்டும்."

அதுவரை தலைகுனிந்து நின்றவள் பதறிப்போனாள். "என்னை இங்கயே திட்டிடுங்க அக்கா. வூட்டுக்கு மட்டும் வேணாம்."

அப்படிச் சொன்னால் டீச்சர் போகாமல் இருப்பாரா?

சாயங்காலம் லீதியாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துக் கூரை வீட்டு வாசலில் கொளஞ்சியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. உரக்கடைம்மா மாடு புடிச்சாரப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

டீச்சரின் கண் முறத்தில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று பொன்னி.

"நல்ல அரிசியா இருக்கே."

"உரக்கடைம்மா அரிசிங்க. அவங்களுக்குச் சக்கரை வந்துருச்சுல்ல? பெரம்பலூர் டாக்டரு பொன்னியத் தொடாத, ரேஷன் அரிசிதான் திங்கணும்னுட்டாராம். என் அரிசிய வாங்கிக்கிட்டு அவங்க அரிசிய அளந்து போடறாங்க. படிக்குப் படி. பாவம், வூடே அதைத்தான் பொங்கித் திங்குது."

சக்கரையா? டீச்சருக்குக் காலையில் பார்த்த இரண்டு லட்டும் ஞாபகம் வந்தன.

"நீ ஒத்துக்கிட்டியா?"

"சும்மா குடுத்தா வாங்குவனா? எங்க வூட்டுக்காரருக்கு வயித்துல புண்ணு. ரேஷன் சோறு உள்ள போனாக் கக்கிடறாரு. அது தெரிஞ்சு போன பொங்கலுக்கு ஒரு மூட்டை பொன்னி அனுப்பிச்சாங்க. திருப்பி அனுப்பிட்டேன். ஓசிச் சோறு எங்களுக்குச் செரிக்காதுங்க." கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது அப்படியில்ல. நான் அவங்களுக்குச் செய்யற ஒத்தாசை. அவரும் இப்ப நாலு வாய் திங்கறாரு. உங்க கோயில்காரங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க, அந்தம்மா வெக்கப்படுது."

டீச்சர் கையிலிருந்த பை கனத்தது.

உலைக்கு அளந்ததிலிருந்துதான் பிடி அரிசி. லீதியாள் வீட்டு உலையில் ரேஷன் அரிசி, அதனால் பையிலும் ரேஷன் அரிசி. சங்கத் தலைவியான டீச்சரோ வாரம் முழுக்க மறந்துவிட்டு, ஞாயிறு காலையில் மூட்டையைத் திறந்து ஒரு படி அள்ளிக்கொண்டு வருகிற ஆள். சுகிர்தத்துக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷ வெட்கம்.

"பையில என்னங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மாட்டுக் கயிறும் கையுமாக லீதியாள் வந்துவிட்டாள். பையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை தப்பாக வந்தால் கொளஞ்சியம்மாள் முறத்தோடு பொன்னியைத் திருப்பிவிடுவாள். உள்ளே படுத்திருக்கும் மனுஷன் மறுபடி பட்டினி.

"ரேஷன் அரிசி" என்றார் டீச்சர்.

"உங்களுக்கும் சக்கரையா?"

டீச்சர் லீதியாளைப் பார்த்தார். அவள் கண் கெஞ்சியது.

"ஆமா கொளஞ்சி. எனக்கும்தான்."

"அடப் பாவமே. இந்தப் பையி எத்தினி நாளைக்கு வரும்? உங்க தெருக் கோடியில எங்க சின்னம்மா மக வீரம்மா இருக்கா. மாமியா சீக்குல கெடக்கு. அவளும் என்னை மாதிரிதான், யாருகிட்டயும் கை நீட்ட மாட்டா. ஆனா ஒத்தாசைன்னா செய்வா. அரிசிய மாத்திக்குங்க, நான் சொல்லி வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு பாயில் கொட்டிய ஒரு பையைப் பார்த்து ஜெயசீலி மூக்கைச் சுளித்தாள்.

"என்ன டீச்சர், உங்க பையிலயுமா?"

"டாக்டர் சொல்லிட்டாருடி. சக்கரை."

அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள். லட்டுத் தட்டு வந்தது. ஜெயசீலி அக்கறையாக டீச்சரைத் தாண்டித் தட்டை நீட்டினாள். டீச்சருக்கு லட்டு என்றால் உயிர். எச்சிலை விழுங்கிக்கொண்டு அரிசியை அளந்தார்.

லீதியாள் வழக்கம்போல இரண்டு வாங்கினாள். பெண்கள் முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து டீச்சர் தன் காலிப் பையை உதறினார். காகிதத்தில் மடித்த லட்டு ஒன்று மடியில் விழுந்தது.