கடைசிச் சிவப்புக் கம்பம்

"அவளுக்கு என்ரை நிறம்தான் பிரச்சினை!" யதுர்ஷா தலைக்கவசத்தைக் கழற்றிப் பனியில் எறிந்தாள்.

பெரிய திரையில் அவள் பெயர் முதலிடத்தில் நின்றது கொஞ்ச நேரந்தான். கடைசிச் சிவப்புக் கம்பத்தைச் சுற்றாமல் சறுக்கி வந்துவிட்டாள் என்று அங்கே நின்ற நடுவர் கையை உயர்த்த, பெயர் அழிந்துபோனது. நோர்வேயின் தேசியப் பனிச்சறுக்கு அணிக்கு ஆள் எடுக்கும் கடைசிப் போட்டி இது.

"முதல்லை மூச்சை இழுத்து விடு," என்றார் அணியின் உளவியலாளர் ஷரோன்.

"உங்கடை மூச்சை நீங்களே வைச்சிருங்கோ அக்கா! நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான். ஃபோனை நிப்பாட்டினனான். அம்மாவைக் கண்டா கவனம் சிதறுதெண்டு, பாக்க வரவேண்டாம் எண்டும் சொல்லிப்போட்டன். பாவம், அவ சரியெண்டு தலையாட்டினவ."

"முறையீடு குடுப்பம். ஆனா டுக்நாட் எண்டு சம்பளமில்லாத ஊர்வேலைக்கு வந்து குளிருக்கை நிக்கிற மனிசி, அவ ஏன் பொய் சொல்லப்போறா? போட்டி நடத்திறவை ரேடியோவிலை திருப்பித் திருப்பிக் கேட்டவையாம். அழுதழுதும் சொல்லை மாத்தேல்லையாம்."

"அழுறாவோ? என்ரை வாழ்க்கையிலை மண்ணைப் போட்டிட்டு அழுகை வேறையோ! வெளிநாட்டுக்காரர் இருக்கிற குரோருட்டிலையிருந்து ஒரு தமிழ்ப் பெட்டை மேலை வந்தா இவையளுக்குக் கண்ணெரியுது."

"நீ கம்பத்தைச் சுத்தினனீதானே?"

யதுர்ஷா மேலே கம்பத்தைப் பார்த்தாள். அந்த வேகத்தில் கம்பமா தெரியும்? வெள்ளைதான் தெரியும்.

"சுத்தினனான்!"

ஷரோன் கூப்பிடக் கூப்பிட, இழுவை லிப்டைப் பிடித்து மேலே போனாள். பயம் வந்தால் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோபம் வந்தால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. தோற்றால் தோற்கலாம், வென்றதைப் பறிக்க விடமுடியாது.

கம்பத்தடியில் மஞ்சள் அங்கியோடு அந்த நடுவர் தனியே நின்றார். மூக்குவரை கம்பளித் துணி, அதற்குமேல் பெரிய பனிக்கண்ணாடி.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்!" யதுர்ஷா நோர்வேஜிய மொழியில் கத்தினாள். "உன் சொந்தப் பிள்ளை என்றால் கையைத் தூக்கியிருப்பாயா?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, துணியைக் கீழே இறக்கினாள்.

"கத்தாதை பிள்ளை. நீ பாக்க வரவேண்டாம் எண்டாய், அதுதான் டுக்நாட்டுக்கு வந்தனான். அம்மா என்ரை கண்ணாலை பாத்தனான்."