எட்டி நின்ற தண்ணீர்

கடற்கரை ஓரம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தூணுக்குள் நிற்கப் போகும் தடிக்கம்பிக்கு ஒரே பயம், துரு. அதனால் கான்கிரீட் கலக்க வந்த இரண்டு பேரல் தண்ணீரையும் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரித்தது.

"நீ எந்த வழியா வந்தே?"

"சாக்கடை வழியா அண்ணே," என்றது முதல் தண்ணீர். "ஆனா சுத்தம் பண்ணிட்டாங்க. உப்பு எவ்வளவுன்னு சோதிச்சும் பாத்துட்டாங்க."

"எட்டி நில்லு," என்று மூக்கைப் பொத்திக்கொண்டது தடிக்கம்பி. "பத்து கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கின கம்பி நான். என் தலையில கழிவைக் கட்டப் பாக்காதே."

அடுத்த பேரல் அலட்டிக்கொண்டது. "நான் இதே கடற்கரை மண்ணுல போட்ட போர்வெல் தண்ணி. என்னைச் சோதிக்க எவனுக்குத் துணிச்சல்?"

"இதுதான்டா பரம்பரை," என்று தடிக்கம்பி அதையே தன் தூணுக்குக் கேட்டு வாங்கியது. சாக்கடைத் தண்ணீர் பக்கத்துத் தூணில் நின்ற ஒல்லிக்கம்பிக்குப் போனது.

சில வருஷத்தில் தடிக்கம்பியின் தூண் சடசடவென்று விரிசல் விட்டது.

"என்ன அண்ணே சத்தம்?" என்றது ஒல்லிக்கம்பி.

"உடம்பு பெருத்திருக்குடா. எங்க தண்ணியில உப்பு கொஞ்சம் தூக்கல், ருசி அப்படி."

மறுநாள் கான்கிரீட் பெயர்ந்து விழ, துருவேறி வீங்கிய தடிக்கம்பி தெருவுக்கே தெரிந்தது.

"அண்ணே, வெளியே என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன். உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

ஒட்டுப்போட மேஸ்திரி பேரலோடு வந்தார். உள்ளே இருந்தது அந்தச் சாக்கடைத் தண்ணீரின் தம்பி. "அண்ணன் எல்லாம் சொல்லியிருக்கான்," என்றது. "எட்டி நிக்கட்டுமா?"

தடிக்கம்பி ஒல்லிக்கம்பியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"நில்லு. ரொம்ப எட்டி வேண்டாம்."