டீச்சர் மேல் ஒரு புகார்

கமலாட்சி டீச்சர் மேல் மொட்டைக் கடிதம் போயிருந்தது. அதுவும் பள்ளிக்கூடத்துக்கு அல்ல, நேரே கல்வி அலுவலகத்துக்கு.

ரங்கூனில், கியாக்டடாவில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. அந்த 1927-ஆம் வருஷம் அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஒன்று தொடங்க உத்தரவாகியிருந்தது. இருபதே இடம். அதில் சேர்ந்தால் இங்கிலீஷும் கணக்கும் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து ஹைஸ்கூலுக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சை நடந்து, மார்க் போட்டு, முதல் இருபது பேர் பட்டியலையும் ஒட்டியாகிவிட்டது.

கேள்வித்தாளை டீச்சர் முன்கூட்டியே பிரித்துப் பார்த்து, தனக்கு வேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் விடை சொல்லிக்கொடுத்துவிட்டார் என்பதுதான் கடிதத்தின் சாரம். பட்டியலில் ஒன்பது பேர் அவர் வகுப்புப் பிள்ளைகள்.

ஹெட்மாஸ்டர் சுப்பிரமணியத்துக்குக் கோபம் தாங்கவில்லை. கமலாட்சியைப் பதினோரு வருஷமாக அறிந்தவர் அவர். யார் எழுதியிருப்பார்கள் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. லத்தா வட்டாரத்தில் குடைக்கடை வைத்திருக்கும் அய்யூப் பாய்தான்.

அய்யூப்பின் மகள் லத்தீபா, கமலாட்சி வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். இந்தப் பரீட்சையில் நாற்பத்தாறுதான் வாங்கியிருந்தாள். கடைசி இடம் ஐம்பத்துமூன்றோடு முடிந்துவிட்டது. பட்டியல் ஒட்டிய அன்றே அய்யூப் வந்து இது எப்படி என்று கேட்டார். மார்க் என்றால் மார்க்தான் என்று சொல்லி ஹெட்மாஸ்டர் அவரை அனுப்பிவிட்டார்.

இப்போது ஆள் அனுப்பி அவரை வரவழைத்து விசாரித்தார்.

"குறை இருந்தால் நேரில் வந்து கேட்கிறவன் நான். வந்து கேட்டேனே, ஐயா. பேர் போடாமல் எழுத எனக்கு என்ன வந்தது?" என்றார் அய்யூப்.

ஹெட்மாஸ்டர் நம்பவில்லை.

சேதி பரவிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் டீச்சரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கமலாட்சி எப்போதும்போல மணியடிக்கும் முன்பே வந்தார், நிமிர்ந்து நடந்தார், பாடம் நடத்தினார்.

விசாரணையே தேவையில்லை என்று தான் ஜவாப் எழுதி அனுப்பிவிடுவதாக ஹெட்மாஸ்டர் சொன்னபோது, கமலாட்சி ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாம் சார். விசாரணை நடக்கட்டும். எல்லாப் பிள்ளைகளையும் இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கட்டும். எனக்குப் பயமில்லை."

அந்த வாரமே பள்ளி இன்ஸ்பெக்டர் நல்லையா வந்து இறங்கினார். பழைய விடைத்தாள்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேள்விகள் சென்னையில் அச்சாகி வந்தவை. 'வயலுக்குக் கமலை இறைக்க எத்தனை மாடு கட்டுவார்கள்?' என்று ஒரு கேள்வி. மாடு இழுத்து நீர் இறைக்கும் கிணற்றையும் வயலையும் கண்ணால் பார்த்திராத லத்தீபா, 'எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறது, மாடு வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். ரங்கூனில் எந்தத் தெருவில் கமலை இறைக்கிறார்கள் என்று கேட்டார்.

திங்கட்கிழமை மறுபரீட்சை. கேள்விகளை இன்ஸ்பெக்டரே அங்கேயே யோசித்துக் கரும்பலகையில் எழுதினார். டிராம் வண்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று, க்யிம்யிண்டைங் ஆற்றுத் துறையில் வெள்ளம் ஏறும்போது சம்பான் படகு எந்தப் பக்கம் இழுபடும் என்று, எல்லாமே பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற விஷயங்கள்.

பழைய பட்டியலில் பதினைந்து பேர் அப்படியே நின்றார்கள். அதில் எட்டுப் பேர் கமலாட்சி வகுப்பு. யாருக்கும் விடை சொல்லிக்கொடுக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. புதிதாக ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். லத்தீபாவுக்கு எண்பத்துநான்கு மார்க், நாலாவது இடம்.

டீச்சர் பேரில் களங்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் புறப்பட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் அய்யூப் மகளைச் சேர்க்க வந்தபோது, சேர்க்கைச் சீட்டை மேஜையிலேயே வைத்துக்கொண்டார். கமலாட்சியையும் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு நல்ல டீச்சரின் பேரைக் கெடுத்தீர்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம்தான் சீட்டு."

அய்யூப் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார்.

"நான் எழுதவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனாலும் என் பிள்ளை படிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்கிறேன்" என்று கமலாட்சியின் பக்கம் திரும்பினார்.

கமலாட்சி குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"கேட்க வேண்டியது நான், பாய். உங்கள்மேல் பழி விழும் என்று நான் நினைக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்." பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். "அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், சார்."

ஹெட்மாஸ்டர் எழுந்தே விட்டார். "உங்கள் மேலேயேவா? எதற்கு?"

"கேள்விகள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை, மறுபரீட்சை வையுங்கள் என்று மூன்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றையும் நீங்கள் மேலே அனுப்பவில்லை. கமலாட்சி ஒரு திருடி என்று எழுதிப் போட்டேன். ஒரே வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்."