மூன்றாம் மாடியில் யாரும் சாகவில்லை

"எங்க வீட்டுல யாரும் சாகலம்மா. அப்படியே எழுதிக்கோங்க."

மூன்றாம் மாடிக்காரி பட்டென்று சொல்லிவிட்டாள். கணக்கெடுக்க வந்த பெண்ணின் விரல் டேப்லெட் திரைமேல் அப்படியே நின்றது.

பொய். படியேறும்போதே கீழ்வீட்டுக்காரி மடக்கிப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

"மேலயா போற? அவ புருஷன் போன வருஷம் அந்த நோய்லதான் போய்ச் சேர்ந்தான். வெளியூர் ஆஸ்பத்திரியில. என் தம்பி அங்கதான் வேலை பாக்கிறான், கண்ணால பாத்தவன். ஆனா அவ வாயே திறக்க மாட்டா, பாரேன். சுகாதார ஆபீஸ் உத்தியோகமாச்சே! மேலிடத்துக்கு மனசு நோகக் கூடாதில்ல?"

அந்த நோயில் செத்தவர்கள் இவ்வளவுதான் என்று அரசாங்கம் ஒரு எண் சொன்னது. அதைப்போலப் பத்து மடங்கு என்றது எதிர்க்கட்சி. டிவியில் கத்தித் தீர்த்த பிறகு கோர்ட் தலையிட்டு, வீடு வீடாகப் போய்க் கேளுங்கள் என்றுவிட்டது. "ஒரு சாவு விடுபட்டாலும் உன் வேலை காலி" என்று மேற்பார்வையாளர் காலையில்தான் மிரட்டி அனுப்பியிருந்தார்.

பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரர்..."

"கப்பல்ல இருக்காரு." குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. "ஒப்பந்தத்தை நீட்டிட்டாங்க. அடுத்த வருஷம்தான் வருவாரு."

"கீழ் வீட்டுல சொன்னாங்க..."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க!"

"சுகாதார ஆபீஸ்ல இருக்கிற நீங்களே மறைச்சா எப்படி மேடம்?"

மூன்றாம் மாடிக்காரி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். படிக்கட்டுக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசும்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன். உள்ள என் மாமியார் இருக்காங்க. ரெண்டு தடவை நெஞ்சுவலி வந்த உடம்பு. அவர் ஒரே பிள்ளை. சொன்னா தாங்க மாட்டாங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. என் வீட்டுக்காரர் போன் என்கிட்டதான் இருக்கு. தினமும் நான்தான் அவர் மாதிரி மெசேஜ் போடுறேன்."

பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ... அவங்களுக்குத் தெரியாம எழுதிக்கட்டுமா?"

"எழுதினா சரிபார்க்க இன்னொரு ஆள் வருவாங்க. எங்க ஆபீஸ் லட்சணம் எனக்குத் தெரியாதா? நான் வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்து வந்து, 'உங்க மகன் என்னிக்கு இறந்தாரு'ன்னு அவங்ககிட்டயே கேப்பாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவர் எந்தக் கணக்கிலயும் இல்லாமப் போறது எனக்கு மட்டும் வலிக்காதா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா அங்க?"

"தண்ணி கனெக்‌ஷன் பத்திக் கேக்க வந்திருக்காங்க, அத்தை!"

பெண் திரையைப் பார்த்தாள். 'இறப்பு இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். வேலை போனால் போகட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள்.

அங்கே முடித்துவிட்டு இறங்கும்போது மூன்றாம் மாடிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இடுக்கில் மாமியார் நின்றிருந்தாள்.

"அவ ஆபீசுக்குப் போயிட்டா. இப்படி வா. தண்ணி கனெக்‌ஷன் கேக்க வந்தவ, ஜன்னலைத் தாண்டும்போது எதுக்கும்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போன?"

"அது... தூசி..."

"சரி, தூசி. சாவுக் கணக்கு எடுக்கிறதும், சரிபார்க்க ஆள் வர்றதும் டிவியில பாத்தேன். எழுதிக்கோ. என் மகன். அந்த நோய்லதான் போனான்." பேரையும் வயதையும் நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க இருந்தவரைக்கும், 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா'ன்னு ஒரு நாள் என்னைக் கேட்டதில்ல அந்தத் தடியன். போன வருஷம் அந்த நோய் பரவினதுலேருந்து, கப்பலுக்குப் போனவன் தினமும் கேக்கிறான். கேக்கிறது யாருன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

பெண் கட்டத்தை மாற்றினாள்.

"சரிபார்க்க வர்றவங்களைப் பகல்ல வரச் சொல்லு. அவ இல்லாதப்போ. நான் பதில் சொல்லிக்கிறேன். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்."

"ஏம்மா? உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டா, அவங்க பாரமும் இறங்குமே?"

கிழவியின் கையிலிருந்த போன் ஒலித்தது. மகனின் படத்துக்குக் கீழே, 'அம்மா, சாப்பிட்டியா?'

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித்தேடிப் பதில் அடித்துக்கொண்டே சொன்னாள்:

"தினமும் கொஞ்ச நேரம் அவனா இருந்துதான் அவ பொழுதை ஓட்டுறா. அது எனக்காகன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."