ஜப்பான் நண்டு

“அப்பா, அதை வையுங்கோ! எல்லாரும் பாக்கினம்!”

நிரோசினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அல்பேர்ட் கேட்டால்தானே! சமையல்காரர் தட்டில் வைத்துக் காட்டிய உயிர் நண்டை எட்டித் தூக்கிவிட்டார் மனுசன்.

கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த ஹோட்டல் அது. மேசைக்கு நடுவே பெரிய இரும்புத் தகடு, சுற்றிவரக் கதிரைகள். சமையல்காரர் கண்ணெதிரே வதக்கி, நெருப்பை எழுப்பி, சுடச்சுடத் தட்டில் போடுவார். தெப்பன்யாக்கி என்று பெயர்.

“நெருப்புக்கு முன்னால இருந்து சாப்பிடுறதுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமோ? கொம்மா குசினியில முப்பது வருசமா அதைத்தானே செய்யிறா” என்று அல்பேர்ட் பஸ்ஸிலேயே பகிடி விட்டார்.

அன்று அவருக்கும் மார்கிறட்டுக்கும் கல்யாணமாகி முப்பது வருடம். காலைப் பூசை முடிந்த கையோடு இரண்டு பேரையும் முள்ளிவாய்க்காலில் இருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள் நிரோசினி. வங்கியில் வேலை கிடைத்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அப்பா ஒரு முழு நண்டு சாப்பிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். களப்பில் நண்டு பிடிக்கிறவர்தான் அல்பேர்ட். ஆனால் பெரிய நண்டெல்லாம் யாவாரிக்குப் போய்விடும். கால் முறிந்ததும் சூம்பியதும்தான் வீட்டுச் சட்டிக்கு வரும். “விக்கிற நண்டைத் தின்னுறதோ?” என்பார். காசு கொடுத்து அவரிடமே வாங்கிச் சமைத்தாலும் தொடமாட்டார். நிரோசினி செய்து பார்த்துத் தோற்றவள்.

அதனால்தான் இந்த ஹோட்டல். ‘ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்த நண்டு’ என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இதையாவது அப்பா விற்க முடியாது அல்லவா?

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தவர் அவளுடைய வங்கி மனேச்சர் தில்லைநாதன், மனைவியோடு. அந்த நேரம் பார்த்துத்தான் அல்பேர்ட் நண்டைத் தூக்கினார்.

“கவனம் ஐயா, கடிச்சுப்போடும்!” என்றார் மனேச்சரின் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அல்பேர்ட்டையா கடிக்கும்? நண்டை முதுகுப் பக்கமாகப் பிடித்து, மற்றக் கையால் மூடினாற்போலவே அதன் கொடுக்குகளில் இருந்த கட்டை அவிழ்த்தார். அவிழ்த்த ஈரத் துணியைச் சுருட்டித் தன் வெள்ளைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

நிரோசினிக்குக் காது சுட்டது. நண்டு கட்டிய கந்தை! வீட்டில் நண்டு கட்டுவதற்கென்று அம்மா பழைய துணியெல்லாம் கிழித்து வைத்திருப்பது போதாதா? இங்கேயிருந்தும் பொறுக்கிக்கொண்டு போக வேண்டுமா?

பக்கத்தில் இருந்த மார்கிறட் எட்டிப் பார்த்தாள். உடனே சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அம்மாவுக்கும் வெட்கம் தாங்கவில்லை என்று நிரோசினி நினைத்தாள்.

“தம்பி, இது எந்தக் கடல் நண்டு?” என்று கேட்டார் அல்பேர்ட்.

“ஜப்பான், ஐயா.” சமையல்காரர் இரும்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஓமோ! அதுதானே பாத்தன். என்ன நிறை, என்ன வடிவு! பிடிச்சவன் கெட்டிக்காரன்தான்.”

சமையல்காரர் நண்டை இடுக்கியால் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். துப்புரவாக்கி வந்து தகட்டில் போட்டார். நெருப்பு எழும்பியது. பட்டர் மணந்தது.

அல்பேர்ட் முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்தார். கையாலேயே உடைத்தார், உறிஞ்சினார், விரலை நக்கினார். கடைசியில் ஓடு மட்டும்தான் மிச்சம்.

“சேர், இது என்ர மோள் வாங்கித் தந்தது!” என்று மனேச்சரிடம் வேறு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “சும்மா நண்டில்லை, ஜப்பான் நண்டு!”

அப்பா முழு நண்டும் சாப்பிட்டுவிட்டார் என்று நிரோசினிக்கு மனம் பூரித்துப் போனது. ஆனால் அந்தப் பொக்கற்றில் படர்ந்த ஈரக் கறையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டும் வந்தது. பஸ் ஏறும்வரைதான் பொறுத்தாள்.

“அந்தக் கந்தையையும் விட மனமில்லையோ, அப்பா? மனேச்சர் என்ன நினைச்சிருப்பார்?”

“பழக்கதோசம், பிள்ளை. நல்ல துணி. எறிய மனம் வரேல்லை.”

மார்கிறட் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பின்னேரம் சேட்டைத் தோய்க்க எடுத்துக்கொண்டு நிரோசினி கிணற்றடிக்குப் போனாள். படலையடியில் அல்பேர்ட் அயல்வீட்டுக்காரர் சங்கிலியை மறித்து வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“கண்ணுக்கு முன்னால சமைச்சுத் தந்தவங்கள், சங்கிலி! முப்பது வருசம் கடலுக்குப் போறன், இப்பிடியொரு நண்டு என்ர வாயில பட்டதில்லை. எங்கட களப்பு நண்டெல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது. என்ர மோள் வாங்கித் தந்தவள்!”

அவளுக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மிச்சப் பாதியோடு பொக்கற்றுக்குள் கையை விட்டு, அந்தக் கந்தையை எடுத்து விரித்தாள்.

நீலத்தில் மஞ்சள் கோடு. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன கழுத்துப்பட்டியில் இருந்து கிழித்த துண்டு அது. தொலையாமல் இருக்க அம்மா அன்றைக்குச் சிவப்பு நூலால் தைத்துவிட்ட ‘நிரோசினி’, பின்பக்கத்தில் அப்படியே இருந்தது.